தாடையில் இறங்கிய சவரக்கத்தி

சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு எல்லோருக்கும் இடது தோளில் சின்னதாக இருக்கும். எனக்கு அது மொச்சைக்கொட்டை அளவுக்குப் புடைத்து வழவழவென்று கிடக்கிறது. வெயில் காலத்தில் அரிக்கவும் செய்யும். கீலாய்டு என்பார்கள். காயம் மூடிய பிறகும் உடம்பு கொலாஜன் என்ற தோல் புரதத்தை நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருப்பதால் வருவது, காயத்தின் எல்லையைத் தாண்டியும் படரும். கறுத்த தோல்காரர்களான நமக்கு இது அதிகம். தோள், நெஞ்சு, காதுமடல், தாடை ஓரமெல்லாம் அது விரும்பி வரும் இடங்கள். அதனால் கத்தி தாடையில் இறங்கியபோது ரத்தத்தைவிட இந்தத் தோள்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

மதுரை திருநகரில் நான் வழக்கமாகப் போகும் சலூன். தம்பி நல்ல கைக்காரர். புது பிளேடை உறையோடு மடக்கி ஒடித்து, பாதியைக் கத்தியில் சொருகும் அழகையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அன்று பக்கத்து நாற்காலியில் முடிவெட்ட உட்காரவைத்த பொடியன் துள்ளி இறங்கி அவர் முழங்கையில் மோதிவிட்டான். சவரக்கத்தி நேராக வழித்துக்கொண்டு போகும்வரை முடியைத்தான் எடுக்கும். கூர் ஓடும் திசையிலேயே பக்கவாட்டில் இழுபட்டால் தோலை அறுத்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. வலது தாடை எலும்புக்கு மேல் அரை அங்குலம் இருக்கும். வலியே தெரியவில்லை, நுரையில் சிவப்பு ஊறுவதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் புரிந்தது.

"ஒண்ணுமில்லண்ணே, லேசாத் தோலுதான்" என்றபடி தம்பி படிகாரக் கல்லை எடுத்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். படிகாரம் மோசமான பொருள் இல்லை. தோலைச் சுருக்கிப் பிடித்து, பிளேடு லேசாக உரசிய இடத்தில் கசியும் ரத்தத்தைச் சட்டென்று நிறுத்திவிடும். ஆனால் வாய் பிளந்த வெட்டுக்குள் தேய்க்கிற சமாச்சாரம் இல்லை அது. அதோடு, கடைக்கு வரும் எல்லோர் முகத்திலும் உருண்ட கல். ரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும் என்பது தெரிந்தால் யாரும் அந்தக் கல்லுக்கு முகத்தைக் காட்ட மாட்டார்கள்.

சலவை செய்த கைக்குட்டையை மடித்து வெட்டின் மேல் அழுத்திப் பிடித்தேன். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சின்ன வெட்டும் பயமுறுத்தும். 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்தவேண்டும், இதுதான் கஷ்டம். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி ஆரம்பித்துவிடும். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் நேரம் பிடிக்கும்.

ரத்தம் நின்றது. ஆனால் வாயைத் திறந்தால் வெட்டின் இரண்டு உதடும் விலகின. வீட்டுக்குப் போனால் அப்பத்தா தயாராக இருந்தார். "மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழச்சு வைடா, நாளைக்கே வடு இல்லாமப் போயிரும்." பக்கத்து வீட்டு அத்தை காப்பித்தூள் டப்பாவோடு வந்தார். இருவருக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அண்ணாநகரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். பிளந்த வெட்டைத் தையல் போடுவதென்றால் அன்றைக்கே போட்டுவிடுவது நல்லது. தள்ளிப்போடப் போடக் கிருமி சேரும், தழும்பும் பெரிதாகும்.

அந்த அம்மா தையல் வேண்டாம் என்றார். தோளைக் காட்டியதுதான் காரணம், ஊசி குத்தும் ஒவ்வோர் ஓட்டையும் இன்னொரு காயம்தானே. உப்புநீரில் கழுவி, இரண்டு ஓரத்தையும் சேர்த்து மெல்லிய ஒட்டுப் பட்டைகளைக் குறுக்கே ஒட்டினார். கடைசி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டதென்று கேட்டார். சுத்தமான சின்னக் காயத்துக்கு 10 வருடம் வரை தாங்கும், அழுக்குக் காயமென்றால் 5 வருடம்தானாம். எனக்கு நினைவே இல்லை, அதனால் அதையும் போட்டுக்கொண்டு வந்தேன்.

எழுதிக் கொடுத்த மருந்து என்று பார்த்தால் வாஸ்லின்தான். காயத்தைக் காற்றாட விட்டுக் காயவைத்தால் சீக்கிரம் ஆறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுத் தோல் நகர்வதற்கே சிரமப்படும். ஈரப்பதம் இருந்தால் சுலபமாக வந்து மூடும். பட்டை தானாக உதிர்ந்த பிறகு, தினம் சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவி, மெல்லிசாக வாஸ்லின் தடவி, சின்னத் துண்டு காஸ் துணி வைத்து ஒட்டினேன். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் காயத்துக்குள் கூடாது. கிருமியோடு சேர்த்துப் புதுத் தோலையும் கெடுத்துவிடும். நியோமைசின் கலந்த களிம்பையும் தவிர்க்கச் சொன்னார், சிலருக்கு அதுவே ஒவ்வாமையாகி அரிக்கும்.

நான் எதிர்பார்க்காத எதிரி ஹெல்மெட் வார். சரியாக வெட்டின் மேல் வந்து அழுந்தி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் தேய்க்கிறது. புடைக்கும் தழும்புக்கு இழுபடுவதும் உரசுவதும் ஆகவே ஆகாது. வாரைப் போடாமல் ஓட்டுவதற்கு ஹெல்மெட்டே தேவையில்லையே! வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுத் திருநகரிலிருந்து பெரியார் நிலையத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். உட்கார இடம் கிடைக்காது என்பது தவிர வேறு குறையில்லை. தாடியையும் வளரவிட்டேன். ஆபீஸில் சபரிமலையா பழனியா என்று கேட்டார்கள்.

தோல் முழுக்க மூடியதும் வேலை முடியவில்லை. தழும்பு முற்றி அடங்க ஒரு வருடம்கூட ஆகும். சிலிகான் ஜெல் தினம் இரண்டு வேளை, 2 முதல் 3 மாதம் தடவச் சொன்னார். ஒரு சின்னக் குழாய்க்கு அவ்வளவு விலையா என்று மருந்துக்கடையில் முணுமுணுத்தேன். ஆனால் தழும்பு கிரீம்களில் ஓரளவு நம்பிச் செலவு செய்யலாம் என்றால் இதற்குத்தான். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவது வீண், சிலருக்குத் தடிப்பும் வரும். வெயில்தான் அடுத்த தலைவலி. புதுத் தோலில் வெயில் பட்டால் கறுத்துப்போகும், மதுரைச் சித்திரை வெயிலைக் கேட்கவா வேண்டும். எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் ஒன்று வாங்கி, வெளியே இறங்கும் முன் அந்த இடத்தில் தடவிக்கொண்டேன்.

நடுவில் ஒரு வாரம் லேசாகத் தடித்து, அரிக்க ஆரம்பித்தது. உடனே போய்க் காட்டினேன். வெட்டின் எல்லைக்குள்ளேயே தடித்தால் அது பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் வகை, எல்லை தாண்டினால்தான் கீலாய்டு என்றார். அப்படியானால் அதற்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டு அமுக்குவார்களாம். வெறுமனே வெட்டி எடுத்தால் முன்பைவிடப் பெரிதாகவே திரும்பி வரலாம். எனக்கு ஊசி தேவைப்படவில்லை. ஜெல்லைத் தடவித் தடவி அது தட்டையாகிவிட்டது. இப்போது தாடையில் தோலை இழுத்துப் பிடித்தால் வெளிறிய கோடு ஒன்று தெரியும், அவ்வளவுதான்.

சவரத்துக்கு அதே தம்பியிடம்தான் போகிறேன். கீழமாசி வீதி நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய படிகாரத் துண்டு சட்டைப் பையில் இருக்கும். பொடியன்கள் யாராவது வரிசையில் இருந்தால், "அவனுக்கு முதல்ல வெட்டி அனுப்பு தம்பி, நான் இருக்கேன்" என்று பேப்பரை எடுத்துக்கொள்கிறேன்.