25.6 எங்கிருந்து வந்தது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் லேபில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள், "அண்ணே, இந்த 25.6 எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். அதுவரை அதைக் கேட்டவர் யாருமில்லை, எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்க்கும் ஃபார்முலாவில் வரும் எண் அது, மனப்பாடம் செய்து போட்டுக்கொண்டிருந்தோம்.

செம்பனை எண்ணெயில் இருக்கும் அமிலத்தைப் பால்மிட்டிக் அமிலமாக வைத்துத்தான் கணக்குப் போடுவோம். அதன் மோலார் நிறை 256. ஒரு மோல் அமிலத்தை நடுநிலையாக்க ஒரு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு, அவ்வளவுதான். (கந்தக அமிலமாக இருந்தால் இரண்டு வேண்டும்.) மில்லிலிட்டர் கணக்கு என்பதால் 1000ஆல் வகுத்து, சதவீதத்துக்கு 100ஆல் பெருக்கினால் 25.6. அதை நார்மாலிட்டியாலும் (சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவு) பியூரெட் என்கிற அளவுக் குழாயில் இறங்கிய அளவாலும் பெருக்கி எண்ணெயின் எடையால் வகுத்தால் எஃப்.எஃப்.ஏ., அதாவது எண்ணெயில் தனியாகப் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலத்தின் சதவீதம், வந்துவிடும்.

அவளுக்கு இதைச் சொன்னபோதே என் பழைய தப்பையும் சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். டப்பாவில் இருந்த சோடியம் ஹைட்ராக்சைடை 4 கிராம் நிறுத்து, ஒரு லிட்டர் கரைசலாக்கி, போத்தலில் நார்மாலிட்டி 0.1 என்று எழுதி ஒட்டிவிட்டேன். அந்த டப்பா ஏற்கெனவே பல முறை திறந்தது, உள்ளே குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கசகசவென்று இருந்தன. காற்றில் இருக்கிற ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் அது இழுத்துக்கொள்ளும், அப்புறம் 4 கிராமும் முழுசாக சோடியம் ஹைட்ராக்சைடாக இருக்காது என்று படித்ததுதான், ஆனால் அவசரம்.

5 கிராம் எண்ணெய்க்கு 7.2 மில்லி இறங்கியது. கணக்கு 3.69 சதவீதம். எங்கள் மேலாளர் வைத்திருந்த வரம்பு 3.5. பழம் அடிபட்டாலோ, வெட்டிய குலை நேரத்துக்கு ஆலைக்கு வராமல் கிடந்தாலோ, பழத்திலிருக்கும் லைப்பேஸ் நொதி எண்ணெயை உடைத்து அமிலத்தை ஏற்றிவிடும், அதனால் லேபில் எண் ஏறினால் திட்டு தோட்டத்துக்குத்தான் போகும். போனது. இரண்டு வாரம் மண்டோர் (தோட்டத்து வேலையை மேற்பார்க்கிறவர்) திட்டு வாங்கினார், அவர் வெட்டுகிறவர்களைத் திட்டினார். தோட்டத்தின் அந்த டிவிஷனில் என் அம்மா உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "நாங்க அன்னன்னைக்கே ஏத்தி அனுப்புறோமே" என்றார்.

அன்று இரவு தூக்கமில்லை. காலையில் முதல் வேலையாக, கரைசலின் உண்மையான செறிவைப் பார்க்க, காயவைத்த பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 0.4084 கிராம் நிறுத்தேன். மோலார் நிறை 204.2, ஆக சரியாக 2 மில்லிமோல், 0.1 என்றால் 20 மில்லியில் நிறம் மாற வேண்டும். 20 தாண்டியும் கரைசல் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. 21.5இல்தான் அந்த மெல்லிய ரோஜா நிறம் வந்து நின்றது. இரண்டை 21.5ஆல் வகுத்தால் 0.093. பழைய கணக்கைத் திருப்பிப் போட்டால் எண்ணெய் 3.43.

பழத்தில் குறையே இல்லை.

மேலாளரிடம் சொன்னேன், திட்டினார், சரி. அப்புறம் மத்தியானம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டிவிஷனுக்குப் போய் மண்டோரைப் பார்த்தேன். என் கையில் 21.5 என்று எழுதிய நோட்டு இருந்தது. வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் சொல்லச் சொன்னார். சொன்னேன்.