எட்டு மாதம் கழித்து லோ விழுந்தது

நேற்று சாயங்காலம் என் ஜீப்பின் வலது லீவரை நகர்த்தியதும் ‘டொக்’கென்று லோ விழுந்தது. எட்டு மாதமாகக் காத்திருந்த சத்தம். லோ என்றால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர். கிளட்சை விட்டேன், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே ஜீப் வாசல் சரிவில் எறும்பு மாதிரி ஏறியது. பல் விகிதம் முதல் கியரில் 2.8, லோவில் 2.46, ஆக்சிலில் 5.38, பெருக்கினால் 37; எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. தாளில் எத்தனையோ முறை போட்ட கணக்கை நேற்றுதான் சீட்டில் உட்கார்ந்து உணர்ந்தேன்.

வண்டி பழைய சிஜே-3பி. இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் கேஸ் ஸ்பைசர் 18, இரட்டை லீவர்: ஒன்று ஃபோர் வீலுக்கு, மற்றது ஹை, நியூட்ரல், லோவுக்கு. வாங்கிய நாளிலிருந்தே ஃபோர் வீல் விழும், ஹையிலிருந்து நியூட்ரலுக்கு வரும், அதற்கு மேல் சுவரில் முட்டியது போல நின்றுவிடும். முதலில் லீவர் புஷ்ஷை மாற்றினேன். பலன் இல்லை. அப்புறம் டயர் மேல் சந்தேகம் வந்தது. முன் ஜோடி கூடுதலாகத் தேய்ந்திருந்ததால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு கியரைப் பிடிக்கிறதோ என்று நான்கு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி வைத்தேன். சக்கரம் கையாலேயே சுற்றியது, லோ மட்டும் விழவில்லை. சரி, முறுக்கும் இல்லை.

வழி காட்டியது கேஸின் அடித்தட்டைத் திறந்து பார்த்ததுதான். லீவர் நகர்த்தும் ராடில் உட்கார்ந்து கியரைத் தள்ளும் ஃபோர்க்கின் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் கியர் ஷாஃப்டில் தாராளமாக வழுக்கியது. ஆனால் லீவரையும் ஃபோர்க்கையும் விட்டுத் தனியாக நின்ற ராடு, மரக்கட்டை வைத்துத் தட்டியும் அசையவில்லை. அப்படியானால் கோளாறு ராடு நுழையும் முன் மூடிக்குள்தான்.

இரண்டு லீவரின் ராடுகளுக்கும் நடுவே பூட்டு மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கிறது, மாத்திரை என்போம். ஃபோர் வீல் போட்டால்தான் அது ஒதுங்கி லோவுக்கு வழி விடும். என் வண்டியில் அது துளைக்குள்ளேயே துருவும் பழைய ஆயில் கசடுமாக ஒட்டிப்போயிருந்தது. போதாததற்கு, எப்போதோ யாரோ லீவரைச் சுத்தியலால் அடித்திருக்க வேண்டும். ராடின் பள்ளத்து விளிம்பு மடிந்து நகம் மாதிரி எழும்பி நின்றது.

ராடை உருவும்போது மூடியைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டேன். ராடை இடத்தில் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் தெறித்து பால்ரஸ் குண்டு எங்கே ஓடும் என்று சொல்ல முடியாது. மாத்திரைதான் மூன்று நாள் எடுத்தது. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டேன், வரவில்லை. மறுநாள் மூடியைச் சூடுகாட்டி, முனை வளைத்த சைக்கிள் கம்பியால் ராடு துளை வழியாக நெம்பினேன். ஒரு மயிரிழை நகர்ந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி சூடு. மூன்றாம் நாள் காலையில் கறுப்பாக, மிளகு நிறத்தில் உள்ளங்கையில் விழுந்தது.

லேத் பட்டறை அண்ணன் பார்த்துவிட்டு, “இதைத் தூக்கிப் போட்டுடு தம்பி, ஃபோர் வீல் போடாமலே லோ விழும்” என்றார். நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. லோவில் வரும் இழுவை முழுவதும் பின் ஆக்சில் ஒன்றின் தலையில் விழுந்தால், ஏலத்தோட்ட ஏற்றத்தில் ஆக்சில் ஷாஃப்ட் ஒடிந்து நடுவழியில் நிற்க வேண்டியதுதான். அதைத் தடுக்கத்தானே மாத்திரையை வைத்திருக்கிறார்கள்! சாணையில் காட்டவும் விடவில்லை. நீளம் குறைந்தால் பூட்டு பூட்டாக இருக்காது. நைசான உப்புத்தாளில் எண்ணெய் விட்டு, தன் எடையிலேயே துளைக்குள் இறங்கும்வரை மட்டும் தேய்த்தேன். ராடின் பள்ளத்து விளிம்பைச் சின்ன அரத்தால் சமன் செய்தேன்.

ஸ்பிரிங் இரண்டும் சோர்ந்திருந்தன. சென்னைக்குப் போன நண்பர் புதுப்பேட்டையில் தேடிப்பிடித்து வாங்கி வந்தார். பழையதை மாதிரிக்குக் கொடுத்தனுப்பினால்தான் சரியானது கிடைக்கிறது. போனில் சொல்லி வாங்கியது ஒருமுறை தடிமன் மாறி வந்தது. பேக்கிங்கை நானே தாளில் வெட்டினேன்.

முன் டயர் ஜோடியை மாற்ற வேண்டும். போடிமெட்டுப் பக்கம் தோட்டப் பாதையில் சுமையோடு ஒருநாள் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் இன்று காலை வண்டிக்கு அடியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு 90 கியர் ஆயில் சொட்டியிருக்கிறது. ராடு வெளியே வரும் இடத்துச் சீல் என்று நினைக்கிறேன். மூடியை மறுபடி கழற்ற வேண்டும்.