மூன்று அம்மாக்களும் ஆறு பக்கங்களும்

என் தந்தையாருக்கு மூன்று மனைவியர் இருந்தது அந்த வீட்டுப் பெண்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று ஏழு பேர் இருபது நிமிடம் மிகுந்த பண்போடு விவாதித்தார்கள். நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரேயொரு மனைவிக்கே அஞ்சி, சுருட்டைக்கூட வேலிக்கு அப்பால் நின்று புகைத்த மனிதர் அவர். பிழை என்னுடையதுதான். பெரியம்மாவையும் சின்னம்மாவையும் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, அம்மாவோடு ஒரே அடுப்படியில் இருத்தி ஒடியற்கூழ் காய்ச்ச விட்டிருந்தேன்.

மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் பேசக்கூடாது என்பது எங்கள் எழுத்தாளர் வட்டத்தின் விதி. நாங்கள் கூடுவது இங்கிலாந்தின் நொரிச் நகரில், ஒரு தேநீர்க்கடையின் மேல்மாடியில். (ஊரின் பெயரில் எழுதப்படும் 'டபிள்யூ' உச்சரிக்கப்படுவதில்லை என்பதை அறியவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.) இங்குள்ள கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் படைப்பெழுத்துக்கு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது 1970இல், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர். 2012இல் யுனெஸ்கோ இதனை இலக்கிய நகரமாக அறிவித்தது. ஆகவே பேருந்தில் பக்கத்தில் இருப்பவரும் ஒரு நாவலை முடிக்காமல் வைத்திருப்பார் என்று நம்பலாம்.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்த காலத்தில் நான் அறிந்த இலக்கியக் கூட்டம் வேறு. மங்கல விளக்கு, அகவணக்கம், தலைமையுரை, வாழ்த்துரை, நயப்புரை, முதற்பிரதி வழங்கல் எல்லாம் முடிந்து, மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்து நிற்கும்போதுதான் ஏற்புரை. அங்கும் எழுதியவர் கடைசிவரை மௌனம்தான். ஆனால் அது பொன்னாடைக்குள் இருக்கும் மௌனம். அச்சாகிவிட்ட நூலில் இனி யார் என்ன திருத்த முடியும்? அரைகுறையாக எழுதியதை அயலாருக்குக் காட்டுவது, தலைவாராமல் வாசலுக்கு வருவதைப் போன்றது என்றே வளர்ந்தவள் நான்.

இங்கே அரைகுறைதான் வேண்டும் என்கிறார்கள். ஞாயிறு இரவுக்குள் ஆறு பக்கங்களை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். புதன்கிழமை அவை ஓரமெல்லாம் பென்சில் கோடுகளோடு திரும்பி வரும். 2020இல் கதவுகள் மூடப்பட்டபோதும் இந்த ஒழுங்கு குலையவில்லை. திரையில் முகம் பார்த்து வாசித்தோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் யார்மத் துறைமுகத்து ஹெரிங் மீன் படகுகளைப் பற்றி ஒன்பது ஆண்டுகளாக எழுதுகிறார். வெளியீடு எப்போது என்று அப்பாவியாகக் கேட்டேன். அப்படி ஒரு எண்ணமே தனக்கு வந்ததில்லை என்பதுபோலப் பார்த்தார்.

இப்போது நான் இங்கே நன்றாகவே ஊன்றிவிட்டேன். மழையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவேன். ஆனால் ஞாயிறு இரவு கணினி முன் அமர்ந்தால் வருவது சின்னம்மாதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, அவர் இரவல் எடுத்திருந்த நூல் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகிய பின்பும், திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதி கடந்துவிட்டதே என்று அவர் கலங்கினார். அதைப் பழைய பத்திரிகையில் சுற்றி, சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

அந்தப் பக்கங்களை வாசித்த புதன்கிழமை, தபால்காரர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, நொரிச் மத்திய நூலகம் 1994 ஓகஸ்ட் 1ஆம் திகதி எரிந்ததையும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அழிந்ததையும், அங்கே இரவல் பெற்ற படகு நூல் ஒன்று இன்னும் தன்னிடம் இருப்பதையும் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கூடவே நாக்கும் துடித்தது. இங்கே மின்கோளாறு, ஐயா. எங்களுக்குக் கோளாறு மின்சாரத்தில் இல்லை. எழுதியவர் பேசக்கூடாது என்ற விதியை அன்றுபோல் நான் என்றும் வெறுத்ததில்லை. என் முறை வந்தபோது அதைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து என் தாளின் ஓரத்தில் எழுதித் தந்தார்: "இதை ஏன் எழுதாமல் விட்டாய்?"

அடுத்த வரியில் இன்னொரு கேள்வி: 1995இல் போரினால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது அந்த நூல் என்னவாயிற்று? எனக்குத் தெரியவில்லை. சைக்கிளில் அரிசிப் பையும் அம்மம்மாவும் வந்தது நினைவிருக்கிறது. நூல் வந்ததா என்பது நினைவில்லை. யாழ்ப்பாணத்து நேரத்தைக் கணக்குப் பார்த்துச் சின்னம்மாவை அழைத்து, கூட்டத்தில் கேட்டார்கள் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை.

"அதுக்கு இப்ப என்ன பிள்ளை? உந்தக் கூட்டத்திலை ஒரு தேத்தண்ணியாவது தருவினமோ?"

காசு கொடுத்து வாங்கவேண்டும் என்றேன்.