கையில சுத்திப் பாத்து பேரிங்க முடிவு பண்ணாதீங்க

போன மாசம் பினாங்குல, பத்து மாவுங் பக்கம் ஒரு மீன் கோல்ட் ரூம்ல கன்வேயர் வேலை, அதாவது ரோலர் மேல பெல்ட் ஓடி பொட்டிய நகத்துற மிஷின். உள்ள மைனஸ் 18 டிகிரி. காலைல பசியாறிட்டு வந்து சுவிட்ச தட்டுனா மோட்டார் உறுமும், கொஞ்ச நேரத்துல மோட்டார் கருகாம கரண்ட வெட்டுற ஓவர்லோட் ரிலே ட்ரிப் ஆயிடும், ரெண்டு மூணு தடவ ரீசெட் பண்ணி ஓட்டுனாதான் கிளம்பும். ஒரு வாரம் முன்னாடிதான் 30 ரோலருக்கும் புது பேரிங் போட்டிருக்காங்க, அதுக்கப்புறம்தான் இந்தப் பிரச்சனை.

என் கூட வந்த தம்பி, கழட்டிப் போட்டிருந்த பழைய ரோலர் ஒண்ண எடுத்து கையால ஒரு தட்டு தட்டுனான். விர்ர்ருனு ரொம்ப நேரம் சுத்துச்சு. புதுச தட்டுனா அரை சுத்துலயே நின்னுருச்சு. "அண்ணே, பழசுதான் நல்ல பேரிங், இது டூப்ளிகேட்"னான். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றோம். பழசுல கிரீஸ் காஞ்சு போச்சு, தடுக்க ஒண்ணுமே இல்ல, அதனாலதான் சுத்துது. காது கிட்ட வச்சா மணல் அரைக்கிற மாதிரி சத்தம், அது சாகப்போற பேரிங்.

சரி, அளந்தே பாத்துருவோம்னு பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில வாங்குன தொங்குற தராச எடுத்தேன். ரோலர் மேல நூல சுத்தி, நூல் நேரா இருக்குற மாதிரி மெதுவா இழுக்கணும், அவ்வளவுதான். இழுக்குற விசைய ரோலரோட ஆரத்தால பெருக்குனா டார்க், அதாவது சுத்த வைக்கிற முறுக்கு விசை. ரோலர் விட்டம் 50 மில்லிமீட்டர், அப்ப ஆரம் 25. கோல்ட் ரூம் உள்ள வச்சு இழுத்தப்ப அசையறதுக்கே 800 கிராம் காட்டுச்சு, அசைஞ்சதும் 500க்கு இறங்குச்சு. முதல்ல வர்றதுதான் ஸ்டார்டிங் டார்க், அப்புறம் வர்றது ரன்னிங் டார்க், மோட்டார கொல்றது அந்த முதல் நம்பர்தான். 800 கிராம்னா கிட்டத்தட்ட 8 நியூட்டன், ஆரம் 25ஆல பெருக்குனா 200 நியூட்டன் மில்லிமீட்டர். அதே ரோலர வெளிய வெயில்ல ஒரு மணி நேரம் போட்டு இழுத்தா 200 கிராம்தான்!

இப்ப கேட்லாக் கணக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க. டார்க் = 0.5 × உராய்வுக் கெழு × லோட் × உள் விட்டம். டீப் குரூவ் பால் பேரிங்குக்கு, அதாவது உள்ள குண்டு வச்ச சாதாரண பேரிங்குக்கு, அந்தக் கெழு 0.0015. எங்க பேரிங் 6202ங்குற சைஸ், உள் விட்டம் 15 மில்லி. ஒரு பேரிங் மேல 10 கிலோ, அதாவது 100 நியூட்டன்னு வச்சா 1.1 நியூட்டன் மில்லிமீட்டர்தான் வருது, ரோலருக்கு ரெண்டு பேரிங்னாலும் 2.3 தாண்டாது. அளந்ததோ 200! மிச்சம் எல்லாம் எங்கேருந்து வந்துச்சு?

கிரீஸ்லேருந்தும், பேரிங் பக்கவாட்ட மூடுற சீல்லேருந்தும்தான். அந்த சின்ன ஃபார்முலா ஓரளவு நல்ல லோட்ல, சீல் இல்லாம, சரியான கிரீஸோட சாதாரணமா ஓடுற பேரிங்குக்கு எழுதுனது. பேரிங் ஆராய்ச்சி பண்ண ஸ்வீடன் இன்ஜினியர் ஆர்விட் பாம்கிரென் இத ரெண்டா பிரிச்சார், லோடால வர்றது ஒண்ணு, லோடே இல்லாட்டியும் கிரீஸ்ல இருக்குற எண்ணெயோட பிசுபிசுப்பாலயும் வேகத்தாலயும் வர்றது இன்னொண்ணு. ரெண்டாவது, பிசுபிசுப்பையும் வேகத்தையும் பெருக்கி அதுக்கு 2/3 அடுக்கு போட்ட மாதிரி ஏறும், அதாவது எண்ணெய் ரெண்டு மடங்கு கெட்டியானா டார்க் கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடும். 40 டிகிரில பிசுபிசுப்பு எண் 100 இருக்குற மினரல் ஆயில் மைனஸ் 18ல பல ஆயிரமா ஆயிடும். லேசான லோட் ஓடுற இடத்துல லோட பத்தி கவலப்பட்டு பிரயோஜனமே இல்ல, கிரீஸ்தான் ராஜா.

பேரிங்க திறந்து பாத்தா மாத்துனவங்க சாதாரண கிரீஸ முழுசா அமுக்கி வச்சிருக்காங்க. கம்மியா வச்சா சீக்கிரம் போயிடும்னு ஒரு பயம், புரியுது, ஆனா பேரிங் உள்ள இருக்குற காலி இடத்துல மூணுல ஒரு பங்கு நிறைஞ்சா போதும். ரோலர் நிமிஷத்துக்கு 115 சுத்துதான், கிரீஸ் சூடாகி வழிவிடற அளவுக்கு வேகமும் கிடையாது. ஒரு ரோலருக்கு 800 கிராம்னா 30 ரோலருக்கு 24 கிலோ, பொட்டியே இல்லாம பெல்ட் இழுக்கணும்!

கழுவிட்டு பிஏஓங்குற செயற்கை எண்ணெய்ல செஞ்ச குளிர்தாங்குற கிரீஸ மூணுல ஒரு பங்கு வச்சோம். வெளிப்பக்க ரப்பர் சீல எடுக்கல, ஐஸ் உருகி தண்ணி உள்ள போச்சுன்னா மூணு மாசத்துல துருப்பிடிச்சிரும். ரோலர் குழாய்க்குள்ள இருக்குற பக்கத்து சீல மட்டும் கழட்டுனோம். மறுபடியும் உள்ள வச்சு இழுத்தோம், 150 கிராம். அடுத்த நாள் காலைல முதல் தட்டுலயே கிளம்பிருச்சு. தம்பி அந்த தராச வாங்கி அவன் டூல் பாக்ஸ்ல வச்சுக்கிட்டான், எனக்கு வேற ஒண்ணு வாங்கணும்.