இக்னிஷன் ஒரே ஒரு முறைதான் ஓடும்

கன்டெய்னர் (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதி) ஓட்டுவதற்கென்றே ஒரு மெஷின் வேண்டுமென்றால் ஃபெடோரா கோர்ஓஎஸ் என்ற லினக்ஸ் நல்ல தேர்வு. நிறுவும்போது அது நம்மிடம் எதுவும் கேட்காது. பயனர், ஹோஸ்ட்நேம், டிஸ்க் பிரிப்பு, ஓட வேண்டிய சர்வீஸ் எல்லாவற்றையும் முன்பே ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நாம் எழுதுவது யாமல், மனிதர் எளிதில் படிக்கும் அமைப்புக் கோப்பு வடிவம். அதைப் புட்டேன் என்ற கருவி, நிரல்கள் படிக்கும் ஜேசன் வடிவமாக மாற்றும். ஜேசனைப் படித்து வேலையை முடிப்பது இக்னிஷன்.

இக்னிஷன் முதல் பூட்டில், இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்திலேயே (முழு சிஸ்டம் எழுவதற்கு முந்தைய தற்காலிகக் கட்டம்) ஓடி முடிந்துவிடும். அடுத்த பூட்டில் எட்டிக்கூடப் பார்க்காது. கோப்பில் ஒரு வரியை மாற்றி ரீபூட் செய்துவிட்டுக் காத்திருந்தால் எதுவும் நடக்காது. மாற்றம் வேண்டுமென்றால் மெஷினையே புதிதாக எழுப்ப வேண்டும். ஓடுகிற சர்வரையே மாற்றியமைக்கும் ஆன்சிபிள் கருவி பழகிய கைக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் பாதி அமைந்து பாதி நிற்கிற சர்வர் என்ற தொல்லை இதில் வராது. ஒரு படி தவறினாலும் பூட் அங்கேயே நின்று எமர்ஜென்சி ஷெல்லுக்கு, அதாவது பழுதுபார்க்கும் கட்டளைத் திரைக்குப் போய்விடும். காரணம் கன்சோலில் தெரியும். அதனால் சீரியல் கன்சோல் (பூட் செய்திகளைத் தொலைவிலிருந்து காட்டும் திரை) கிடைக்காத இடத்தில் முதல் முயற்சியைச் செய்யாதீர்கள், உங்கள் கணினியில் கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் மெஷினில் ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிடுங்கள்.

புட்டேனை எப்போதும் ஸ்ட்ரிக்ட் விருப்பத்தோடு ஓட்டுங்கள். அது இல்லாவிட்டால் எச்சரிக்கைகளை மட்டும் காட்டிவிட்டு ஜேசனைத் தந்துவிடும். கோப்பு அனுமதியில் அடிக்கடி ஒரு கோளாறு வரும். யாமலில் 0644 என்று முன்னால் சுழியோடு எழுதினால் அது எண்ம எண் (எட்டை அடியாகக் கொண்டது). ஜேசனில் எண்ம எண் கிடையாது என்பதால் அங்கே 420 என்று வரும், பார்த்துப் பதற வேண்டாம், அதுதான் சரி. சுழியை விட்டு 644 என்று எழுதினால் தசம எண்ணாகி, அனுமதி 1204 ஆகிவிடும். உரிமையாளரே படிக்க முடியாத கோப்பு. அதேபோல், ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதுவதாக இருந்தால் ஓவர்ரைட் ட்ரூ என்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இக்னிஷன் தோல்வியில் முடியும்.

மெஷினைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுப்புவதுதான் வழி என்றானபின், தரவு ரூட் டிஸ்க்கில் இருக்கவே கூடாது. தனி டிஸ்க் ஒன்றை இணைத்து, ஸ்டோரேஜ் பகுதியில் ஃபைல்சிஸ்டமாகக் குறிப்பிட்டு, அதை ஓர் அடைவில் இணைக்கும் மவுன்ட் யூனிட்டையும் சேர்த்து உருவாக்கச் சொல்லுங்கள். வைப் ஃபைல்சிஸ்டம் ஃபால்ஸ் என்றே இருக்கட்டும். டிஸ்க் காலியாக இருந்தால் ஃபார்மேட் செய்யும். அதே வகையும் அதே லேபிளும் கொண்ட ஃபைல்சிஸ்டம் இருந்தால் தொடாமல் அப்படியே பயன்படுத்தும். வேறு ஏதாவது இருந்தால் நின்றுவிடும். நிற்பது நல்லதுதான், அழித்துவிட்டுத் தொடர்வதைவிட. டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் சுட்டாதீர்கள், அந்த வரிசை பூட்டுக்குப் பூட்டு மாறக்கூடும். ஐடியால் சுட்டும் பாதையைக் கொடுங்கள்.

கன்டெய்னரை சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் நிரல்) சர்வீஸாக ஓட்டுவதற்கு குவாட்லெட் போதும். கன்டெய்னர் இயக்கும் கருவியான பாட்மேனில் 4.4 முதல் அது உடன் வருகிறது. நாம் தர வேண்டியது டாட் கன்டெய்னர் என்று முடியும் சிறு கோப்பு, அது ஈடிசி அடைவுக்குள் கன்டெய்னர்ஸ், அதற்குள் சிஸ்டம்டி என்ற இடத்தில் இருக்க வேண்டும். பலர் இதைப் புட்டேன் கோப்பின் சிஸ்டம்டி யூனிட் பகுதியில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பகுதி சிஸ்டம்டியின் வழக்கமான யூனிட்களுக்கு மட்டும்தான். சாதாரணக் கோப்பாக ஸ்டோரேஜ் பகுதியில்தான் வைக்க வேண்டும். தனியாக எனேபிள் செய்யவும் தேவையில்லை, கோப்பின் இன்ஸ்டால் பகுதியே அதைப் பார்த்துக்கொள்ளும்.

முதல் தொடக்கத்தில் இமேஜ், அதாவது கன்டெய்னரின் மூலப் பொதி, இறங்க வேண்டும். சிஸ்டம்டி பொதுவாக 90 விநாடிதான் பொறுக்கும். பெரிய இமேஜ் என்றால் தொடக்க நேர வரம்பை 900 ஆக்கிவிடுங்கள். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இயங்கிக்கொண்டிருப்பதால், கன்டெய்னருக்குத் தரும் அடைவைக் குறிக்கும் வால்யூம் வரியின் கடைசியில் முக்காற்புள்ளியும் பெரிய இசட்டும் வேண்டும். மறந்தால், அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் கன்டெய்னரால் எழுத முடியாது. இமேஜின் பதிப்பைக் குறிக்கும் டேக்காக லேட்டஸ்ட் என்பது இங்கே வேண்டவே வேண்டாம், அது சுட்டும் இமேஜ் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த மாதம் அதே கோப்பிலிருந்து வேறொரு மெஷின் எழும்.

அப்டேட்டை ஜின்காட்டி என்ற சர்வீஸ் கவனிக்கிறது. ஸ்டேபிள் வரிசையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு வெளியீடு. ஒன்றும் சொல்லாமல் விட்டால் இறக்கியதும் ரீபூட்தான். பீரியாடிக் உத்தியில் நாள், தொடங்கும் நேரம், நிமிடக் கணக்கு மூன்றையும் கொடுக்கலாம். நேர மண்டலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) எடுத்துக்கொள்ளப்படும். அப்படியானால் இந்திய நேரம் ஞாயிறு அதிகாலை 4 மணிக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமை 22:30 என்று எழுத வேண்டும், நாளும் பின்னுக்குப் போகிறது பாருங்கள்.

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் இந்த ஜேசனை யூசர் டேட்டா என்ற இடத்தில் கொடுக்கிறோம், அதற்கு 16 கேபி வரம்பு. கடவுச்சொல், டோக்கன் எதையும் அதில் வைக்காதீர்கள், அதைத் தரும் 169.254.169.254 முகவரியை எட்ட முடிகிற எந்தக் கன்டெய்னரும் அதைப் படித்துவிடும். கோப்பு பெரிதானால் முழுதையும் அமேசானின் கோப்புச் சேமிப்பான எஸ்3-ல் வைத்து, யூசர் டேட்டாவில் அதன் முகவரியும் எஸ்ஹெச்ஏ512 ஹாஷும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறி) கொண்ட நாலு வரி ஜேசனை மட்டும் கொடுங்கள். எஸ்3-ல் உள்ளதை மாற்றும்போது ஹாஷையும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் புது மெஷின் எமர்ஜென்சி ஷெல்லில் நிற்கும்.