ஒரு ஃப்ளூ ஊசிக்கு மூன்று நடை

கை வலி இரண்டே நாளில் போய்விட்டது. எரிச்சல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள், அதிலும் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்கள், மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மார்ச் கடைசியில் ஆரம்பித்தது. அம்மா ஊரிலிருந்து வந்து என்னோடு தங்கியிருக்கிறார். 68 வயது, சர்க்கரை உண்டு. "பங்குனி வெயில்ல யாராவது குளிர்காலத்துக்கு ஊசி போடுவாங்களாடி?" என்று கேட்டார். இங்கே எல்லாம் தலைகீழ், ஜூன் ஜூலைதான் குளிர் என்று விளக்கினேன். ஃப்ளூ மே வாக்கிலேயே தலைகாட்டிவிடும். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போயே தீருவேன் என்று அம்மா வேறு பிடிவாதமாக இருந்தார். ஈஸ்டர் சமயத்தில் அங்கே எப்படிக் கூட்டம் நெரியும் என்று போனவர்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும் என்பது என் கணக்கு.

முதல் நடை வீண். அதில் பாதித் தப்பு என்னுடையது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பக்கத்து மருந்துக் கடைக்கு போன் போட்டு "ஃப்ளூ ஊசி இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு, வாங்க" என்றார்கள். சனிக்கிழமை மத்தியானம் போய் நின்றால் மருந்து இருக்கிறது, போட்டுவிடும் சிஸ்டர் இல்லை, மதியத்தோடு போய்விட்டாராம். ஆகவே போனில் "மருந்து இருக்கா" என்று கேட்டால் போதாது. "சிஸ்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க" என்றும் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது நடை. சிஸ்டர் இருந்தார், மருந்தும் இருந்தது, ஆனால் போட மாட்டேன் என்றார். முந்தின ராத்திரி அந்தப் பகுதியில் கேபிள் கோளாறு, கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த சின்ன மீட்டரைக் காட்டினார்: 11.3. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் தொங்கிய தாளில் தினமும் காலையும் மாலையும் குறித்த எண்கள் நீலப் பேனாவில் வரிசையாக இருந்தன, கடைசி எண்ணுக்கு மட்டும் சிவப்பில் வட்டம். "ஒரு ராத்திரிதானே சிஸ்டர், என்ன ஆகிடும்?" என்று நான் வாதாடினேன். "கெட்டுப்போன மருந்தும் பார்க்க இப்படியேதான் இருக்கும்" என்று சொல்லி, பெட்டிகள் மேல் ஒரு சீட்டை ஒட்டி ஓரமாக வைத்துவிட்டார். அப்போது கோபம் வந்தது என்னவோ உண்மை. இப்போது யோசித்தால், இந்தக் கதையில் முழுதாக ஒழுங்காக வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

புது மருந்து வர ஒரு வாரம் ஆனது. என் பதினைந்து நாள் கணக்கு பதினோரு நாளாகச் சுருங்கியது.

மூன்றாவது நடையில் அம்மாவுக்கு மெடிக்கல் எய்டும் (இங்கே மருத்துவக் காப்பீட்டுக்கு அதுதான் பெயர்) இல்லை, ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டி, காய்ச்சல் இருக்கா, முட்டை அலர்ஜி உண்டா என்று கேட்ட படிவத்தில் கையெழுத்துப் போட்டு, காசைக் கொடுத்தோம், முடிந்தது. ஒரே தடங்கல் ஜாக்கெட் கை. முழங்கை வரை இறுக்கித் தைத்தது, மேலே ஏறவே மாட்டேன் என்றது. திரையை இழுத்துவிட்டு இரண்டு கொக்கியைக் கழற்றித் தோளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அம்மாமாரைக் கூட்டிப் போகிறவர்கள் தளர்வான கை வைத்த ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.

அடுத்து என் முறை. நான் மெடிக்கல் எய்டு உள்ள ஆள், கார்டை நீட்டினால் போதும் என்ற தெனாவட்டில் இருந்தேன்.

கவுண்டர் பையன் தட்டிப் பார்த்தான். "மிஸஸ் முருகேசன்?"

"முருகேசன் எங்க அப்பா."

"அப்போ மிஸஸ் கவிதா?"

"கவிதா நான்தான். அது சர்நேம் இல்லை."

கார்டில் என் கணவர் பெயர் சர்நேமாக இருக்கிறது, அவருடைய ஆபீஸில் அப்படிப் பதிந்துவிட்டார்கள். இங்கே தங்குவதற்கான பெர்மிட்டில் அப்பா பெயர். இரண்டு வருடத்துக்கு முன் இதே கடையில் இருமல் மருந்து வாங்கியபோது யாரோ என் பெயரையே சர்நேமாக்கி ஏற்றியிருக்கிறார்கள். ஒரே கார்டில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு நம்பர் (code) உண்டு. பையன் 00 என்ற நம்பரைப் போட்டு இரண்டு தடவை தட்டினான். ரிஜெக்ட் என்று வந்தது. 00 என் கணவர், நான் 01 என்றேன். அதைத் தட்டினாலும் பெயர் பொருந்தவில்லை. "கேஷ் கட்டிட்டு அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கோங்க" என்றான். பின்னால் ஆறு பேர் வரிசையில். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து வயதான ஓர் ஆன்ட்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வந்தார். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "வா மா" என்பது மட்டும் தமிழ், மீதி ஆங்கிலம். அவர் தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவராம். மதராஸிலிருந்து முதல் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அதற்கப்புறம் வந்த கப்பல்களின் பட்டியல்களிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், பெயர், அப்பா பெயர், ஊர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அண்ணனுக்கு ஒரு சர்நேம், தம்பிக்கு வேறு சர்நேமாம். "எந்த கிளார்க் எந்தக் கட்டத்தைப் பார்த்தானோ, அதுதான் எங்க சர்நேம்" என்று சொல்லிக்கொண்டே, கடையில் இருந்த என் பழைய பதிவைத் திறந்து, கார்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து மாற்றி, 01 போட்டுத் தட்டினார். அப்ரூவ்டு. நான் கைதட்டாத குறை.

ஊசி எறும்பு கடித்த மாதிரிதான். பதினைந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். புனித வெள்ளியன்று அம்மா கோவிலுக்குப் போனார், கூட்டத்தில் என்னைத் தொலைத்தார், யாரோ ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஆகவே போகும் முன் மெடிக்கல் எய்டுக்கு போன் செய்து, அவர்களிடம் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது, உங்கள் கோடு நம்பர் எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடையில் முதலில் அதைத்தான் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தப்பான கோடு நம்பரில் தட்டினால், திரையில் ரிஜெக்ட் என்று வந்தாலும் விடாதீர்கள், அதை ரத்து செய்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். போன வாரம் என் கணவர் ஊசி போடப் போனார். "இந்த வருஷத்துக்கு உங்களுக்குப் போட்டாச்சே சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் இரண்டு தடவை தட்டிய அந்த 00-இல் ஒன்று எப்படியோ உள்ளே போயிருக்கிறது. போடாத ஊசி அவர் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு அந்த ஆன்ட்டி என்றைக்கு டியூட்டி என்று போன் போட்டுக் கேட்க வேண்டும்.