சத்யஜித் ராயின் அபு டிரைலஜி: டிஸ்க் வாங்கும் முன் ரீஜனைப் பாருங்கள்

அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட அபு டிரைலஜி ('பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' என்ற மூன்று படங்கள்) ப்ளூ-ரே பெட்டியை ஆசையாக வரவழைப்பவர்கள் முதலில் இடறுவது ரீஜனில்தான், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் பூட்டில். அமெரிக்கப் பதிப்பு ரீஜன் ஏ. இந்தியாவும் இலங்கையும் ரீஜன் சி. இங்கே விற்கும் பிளேயரில் போட்டால் எச்சரிக்கைதான் வரும், படம் வராது. சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்குக் கவலையில்லை, அங்கேயும் ரீஜன் ஏதான்.

டிவிடி காலத்தில் ரிமோட்டில் நாலு நம்பர் தட்டி ரீஜனைத் திறந்த வித்தை ப்ளூ-ரேயில் பெரும்பாலும் பலிக்காது. கடைக்காரர் 'மல்டி ரீஜன்' என்றால், டிவிடிக்கா ப்ளூ-ரேக்கா என்று கேட்டுவிடுங்கள். இதே படங்களின் 4கே பதிப்பை வாங்கினால், அதன் 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு இல்லை. ஆனால் அதற்கு 4கே பிளேயரே வேண்டும். கூடவே வரும் ப்ளூ-ரே ரீஜன் ஏ என்பதால், அதிலுள்ள பேட்டிகளும் ஆவணப்படங்களும் கைக்கெட்டாமல் போகும்.

இத்தனை மெனக்கெடலும் தகுமா? தகும். காரணம், மூல நெகட்டிவின் (கேமராவில் ஓடிய அசல் பிலிம் சுருளின்) கதி. 1993இல் லண்டன் ஹெண்டர்சன் லேபில் பிடித்த தீயில் ராய் படங்களின் நெகட்டிவ்கள் வெந்துபோயின. எரிந்த சுருள்களை அமெரிக்காவின் அகாடமி ஆவணக் காப்பகம் தூக்கி எறியாமல் வைத்திருந்தது. பின்னர் இத்தாலியின் போலோனியாவிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாதா லேபில் அந்தச் சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி இளக்கினார்கள். ஒட்டிக்கிடந்த பசையையும் உருகிய டேப்பையும் சுரண்டி எடுத்து, பிலிமை நகர்த்தும் ஓரத்துப் பல்துளைகளைக் கையாலேயே திரும்பக் கட்டினார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேர வேலை. 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே தேறின. 'அபுர் சன்சார்' நெகட்டிவ் துளியும் உதவவில்லை. அதற்கு, நெகட்டிவிலிருந்து முன்பே எடுத்த அடுத்த தலைமுறைப் பிரதிகளைத்தான் பயன்படுத்தினார்கள். ஷாட்டுக்கு ஷாட் கூர்மை கொஞ்சம் ஏறி இறங்கினால் டிவியைத் திட்டாதீர்கள்.

டிவியில் மோஷன் ஸ்மூத்திங் (அசைவை வழவழப்பாக்குவது), நாய்ஸ் ரிடக்‌ஷன் (புள்ளிகளைத் துடைப்பது) இரண்டையும் அணையுங்கள். பிளேயரில், படத்தின் நொடிக்கு 24 பிரேம் வேகத்துக்கு ஒத்த 24 ஹெர்ட்ஸ் அவுட்புட்டைப் போடுங்கள். 'அபராஜிதோ'வின் காசி வீடு ஸ்டுடியோவில் போட்ட செட். மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கை அதில் அடித்துத் தெறிக்கவிட்டு, முற்றத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. அந்த வெளிச்சத்தின் சாம்பல் நிறச் சாயல்கள் கிரெய்னோடு (பிலிமின் பொடிப் புள்ளிகளோடு) கலந்துதான் இருக்கின்றன. கிரெய்னைத் துடைத்தால் சுவர் மெழுகு பூசினாற்போல ஆகிவிடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவது சரியே. படத்தின் அகல-உயர விகிதம் 1.37:1. ஜூம் செய்தால் தலை வெட்டுப்படும்.

பார்சல் வந்த அன்றே டிஸ்க்குகள் பிடியிலிருந்து கழன்று ஆடியிருக்கின்றனவா என்று பாருங்கள். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. அதனால் பாலிஷ் போட்டுக் கீறலை நீக்கப் பார்த்தால் காப்புப் பூச்சுதான் போகும். விளிம்புக் கீறலைச் சோதிக்க, படத்தின் நடுப்பகுதியை ஓட்டுங்கள். இரண்டடுக்கு டிஸ்க்கில் லேசர் உள்ளிருந்து விளிம்புவரை போய், அங்கே அடுக்கு மாறித் திரும்பும். கோளாறு இருந்தால் அங்கேதான் படம் உறையும்.